நான்கு பேர் செய்த வேலை ஒருத்தியின் கைக்கு வந்தபோது

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூன்று வயது மகனுக்குப் பெருமூளை வாதமும் வலிப்பும் இருப்பதாகச் சென்ற ஆண்டுதான் தெரியவந்ததாம். ‘கொரோனா ஊரடங்கின்போது இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் என்ன பாடுபட்டார்கள், ஏன் அவ்வளவு சிரமம் வந்தது, இன்னொரு முறை அப்படி எல்லாம் அடைபட்டால் நான் எதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்?’ என்பது அவருடைய கேள்வி. கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் வீடு வீடாகச் சென்று இயன்முறைப் பயிற்சி கொடுப்பது என் தொழில் என்பதால், கண்ணால் பார்த்ததையும் கையால் செய்ததையும் வைத்துச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண நாள்களில் இத்தகைய ஒரு பிள்ளையின் வளர்ப்பு பல கைகளில் பங்கிடப்பட்டிருக்கும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் ஒரு பங்கு, எங்களைப் போன்ற பிசியோக்கள் ஒரு பங்கு, பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பங்கு, பகல்நேர மையத்தில் ஊட்டிவிட்டுக் கழுவிவிடும் ஆயா ஒரு பங்கு. 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்து, மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, இந்த நான்கு பேருடைய வேலையும் ஒரே இரவில் அம்மாவின் கைக்கு வந்து சேர்ந்தது. வேலை வந்ததே தவிர அதைச் செய்யும் விதத்தை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. நாங்கள் பயிற்சி கொடுத்த காலத்தில் பெரும்பாலான தாய்மார்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். அவர்களை உள்ளே அழைத்து, அவர்கள் கையைப் பிடித்துப் பழக்காதது எங்கள் பிழைதான். ஊரடங்கில் ஓரளவு தாக்குப்பிடித்த வீடுகளையும் நொடிந்துபோன வீடுகளையும் இன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போது, வசதியை விடவும் இந்தக் கைப்பழக்கமே பெரிய வித்தியாசமாக எனக்குத் தெரிகிறது.

‘அந்தக் குடும்பங்கள் எப்போதும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவைதானே, அவர்களுக்கு ஊரடங்கு புதிதா என்ன’ என்று அப்போது பலர் சொன்னார்கள். இரக்கத்தோடுதான் சொன்னார்கள், ஆனாலும் அது தவறு. அந்தப் பெற்றோர் வெட்கத்தையும் அக்கம்பக்கத்தார் பேச்சையும் தாண்டி, பல ஆண்டுகள் முயன்று, பிள்ளையை வெளியே கொண்டுவர ஒரு வழித்தடம் போட்டு வைத்திருந்தார்கள். காலையில் வேன், பத்து மணிக்கு மையம், மாலையில் சந்திப்புக் கடையில் ஒரு பழப்பம், ஞாயிற்றுக்கிழமை கோயிலோ சர்ச்சோ என்று அந்தத் தடம் போகும். மற்றவர்களுக்கு ஊரடங்கு வழக்கத்தில் விழுந்த ஓர் இடைவெளி. இவர்களுக்கோ அரும்பாடுபட்டு உண்டாக்கிய வழக்கமே அழிந்தது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது உடனே தெரிந்தது. கருங்கல் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பதினொரு வயதுப் பையன் ஒருவன், ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் வரை தினமும் காலை எட்டரைக்குச் சீருடை போட்டு, பையை மாட்டிக்கொண்டு, வெளிக்கேட்டில் போய் நின்றான். வேன் வராது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வது? கிருமி, நோய், அரசாங்கம் என்ற சொற்கள் எதற்கும் அவனிடம் பொருள் இல்லை. ஒன்பது மணி ஆனதும் கையைக் கடித்துக்கொள்வான், நெற்றியைக் கேட்டில் மோதுவான். பூட்டினால் இன்னும் மோதுவான். கடைசியில் அந்தத் தாயே ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் திறந்து, வீட்டைச் சுற்றியுள்ள ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், ஒரு சுற்று நடந்து, பின்வாசல் வழியாக உள்ளே வருவார். பின்வாசல் அறைதான் அன்று முதல் பள்ளி. சுவரில் ஐந்து படங்கள் ஒட்டினார்: பை, பாய், சாப்பாட்டுத் தட்டு, வாளி, டிவி. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே அந்தப் படத்தைக் கிழித்துப் பெட்டியில் போடவேண்டும். நான்காவது நாளில் கையைக் கடிப்பது பாதியாகக் குறைந்தது என்று போனில் சொன்னார். படங்களை வரிசைப்படுத்தி அன்றாட ஒழுங்கைக் காட்டுவது ஆட்டிசப் பயிற்சியில் எல்லோரும் பயன்படுத்தும் முறைதான். ஆனால் நடந்துபோய்ப் பின்வாசலில் நுழைகிற யோசனை எந்தப் பயிற்சி நூலிலும் இருந்ததல்ல. வெளியே போய்த் திரும்புவது அவனுடைய உடம்புக்கு வேண்டியிருந்தது என்பதை அவர் கவனித்திருந்தார்.

அவருக்கு விளை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீடுகள் விளைக்குள் தள்ளித் தள்ளி இருப்பதால் பிள்ளைக்கு ஓடவும் கத்தவும் இடம் இருந்தது. கடற்கரை ஊர்களில் சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு அறை வீடுகளில் அது இல்லை. தினமும் மாலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்தால் மட்டுமே அமைதியாகும் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அந்த மணலுக்கும் போக முடியாதபோது இரவு முழுவதும் தூங்காமல் கத்தினார்கள், பக்கத்து வீட்டாரோடு சண்டை வந்தது.

என் துறையைச் சேர்ந்த பெரிய இழப்பு உடம்பு சார்ந்தது, வெளியே அதிகம் பேசப்படாதது. பெருமூளை வாதத்தில் தசைகள் இறுக்கமாக இருக்கும். பிள்ளை வளரும்போது எலும்பு நீளும்; இறுகிய தசை அதே வேகத்தில் நீளாது. தினமும் நீட்டிவிட்டு, கணுக்கால் தாங்கி போட்டு, சிறிது நேரம் நிற்க வைத்தால்தான் அந்த இடைவெளியைச் சமாளிக்கலாம். விட்டுவிட்டால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலாகிவிடும், முட்டி மடங்கியபடியே நின்றுவிடும், இடுப்பு மூட்டு விலகவும் கூடும். அதன்பின் கையால் நீட்டிச் சரிசெய்ய முடியாது. மாவுக்கட்டோ அறுவை சிகிச்சையோதான் வழி. ஆறாம் வகுப்புப் பாடத்தை ஓராண்டு கழித்துப் படித்துக்கொள்ளலாம். ஆறு வயதுப் பிள்ளையின் குதிகால் தசைநாண் ஓராண்டு காத்திருக்காது.

குளச்சல் பக்கத்தில் ஒரு சிறுமி. அப்பா ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போயிருந்தார். விமானம் நின்று, நம் மாவட்டத்து மீனவர்கள் பலர் அங்கேயே மாட்டிக்கொண்ட காலம் அது. 2020 ஜூலை முதல் நாள் ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் அவர்களில் ஒரு பகுதியினரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அதுவரை பணமும் வரவில்லை, துணைக்கு ஆளும் இல்லை. சிறுமியின் தாங்கி ஜூன் மாதத்திலேயே சிறுத்துவிட்டது. போட்டால் கணுக்காலில் சிவந்து கொப்புளம் வந்தது, போடாவிட்டால் குதிகால் தூக்கிக்கொண்டது. அளவெடுத்துப் புதிதாகச் செய்பவர் நாகர்கோவிலில், பேருந்து இல்லை. அம்மாவிடம் போனை அரிசி டின்னில் சாய்த்து வைக்கச் சொல்லி, வீடியோவில் பார்த்தபடி பயிற்சி சொன்னேன். முட்டி மடங்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டு, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்பாதத்தை உங்கள் முன்கையால் மெதுவாக மேலே தள்ளுங்கள். முப்பது எண்ணும் வரை பிடியுங்கள். துள்ளித் தள்ளக் கூடாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், ஆனால் அவர் கை சரியான இடத்தில் விழ ஒன்பது நாள் ஆயிற்று. நேரில் இருந்திருந்தால் என் கையை அவர் கைமேல் வைத்து ஒரே நாளில் முடித்திருப்பேன். பழைய சேலையில் மணல் நிரப்பித் தைத்த இரண்டு பைகளை முட்டிமேல் வைத்து, சுவர் மூலையில் சாய்த்து, தினமும் இரு வேளை அரைமணி நேரம் நிற்க வைத்தார். கால் காப்பாற்றப்பட்டது. அதே தெருவில் இன்னொரு பையனுக்கு அது வாய்க்கவில்லை. அவன் தாய் அதிகாலையில் மீன் வாங்கி விற்கப் போகிறவர், அவரிடம் வீடியோ பார்க்கும் போன் இல்லை.

தசைச்சிதைவு நோய் உள்ள பையன்களின் நிலை இன்னும் கடுமை. தட்டுத் தடுமாறியாவது நடந்துகொண்டிருந்தவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்ததில் எடை கூடி, எழும் பலத்தை இழந்தார்கள். இந்த நோயில் போன நடை திரும்புவதில்லை.

மருந்துக்கு வருகிறேன், உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியினர் நரம்பு சம்பந்தமான சிகிச்சைக்குத் தலைமுறைகளாகத் திருவனந்தபுரம் போகிறவர்கள். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் எஸ்.ஏ.டி. குழந்தைகள் மருத்துவமனையும் களியக்காவிளையிலிருந்து பக்கம். களியக்காவிளையில் கேரள எல்லை அடைக்கப்பட்டபோது, பாஸ் இல்லாமல் அந்தச் சிறு தூரம் கடக்க முடியாத தூரமாகிவிட்டது. பிட்ஸ் மாத்திரை என்று நம் ஊரில் சொல்லும் சோடியம் வால்ப்ரோயேட், லெவெடிராசெட்டாம் போன்றவை, குறிப்பாகக் குழந்தைகளுக்கான சிரப் வடிவில், எல்லாக் கிராமத்து மருந்துக்கடையிலும் கிடைப்பதில்லை. மருந்து தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கிய தாய்மார்கள் சிலரை எனக்குத் தெரியும். இருப்பதை நீட்டிக்க வேண்டும் என்ற குடும்பக் கணக்கு அது. சோற்றுக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு வலிப்பு மருந்துக்குப் பொருந்தாது. திடீரென்று குறைத்தாலோ நிறுத்தினாலோ, விடாத தொடர் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அப்போது கொரோனா நோயாளிகளுக்கான இடமாகவும் இருந்ததால், வலிப்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே போகவே பயந்தவர்களும் உண்டு.

பள்ளிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் பாடங்களும் மற்றப் பிள்ளைகளுக்கே அரைகுறையாகத்தான் போய்ச் சேர்ந்தன. காது கேளாத பிள்ளைகளுக்கு முகக்கவசம் தனிச் சுவரானது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, எல்லோருடைய உதடும் ஒரே நாளில் மறைந்துபோயின. பல வீடுகளில் சைகை தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான். பள்ளியில் தோழர்களோடு நாள் முழுவதும் கைகளால் பேசியவள், வீட்டில் சோறு, தண்ணீர், தூக்கம் போன்ற நான்கைந்து சைகைகளுக்குள் முடங்கினாள். பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் படகில் கடந்து போகவேண்டிய காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்புகளில் சிக்னலும் கிடையாது, நாங்களும் போகவில்லை. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. கணக்குப் போட்டால் பத்தொன்பது மாதங்களுக்கு மேல். ஐந்து வயதில் வீட்டுக்குள் போன பிள்ளை ஏறக்குறைய ஏழு வயதில் வெளியே வந்தது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, பேரிடர் காலத்தில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு தரப்பட வேண்டும் என்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு அடையாள அட்டை உள்ளவர்களுக்கு 1,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. சிக்கல் அந்த ‘அட்டை உள்ளவர்கள்’ என்பதில் இருந்தது. அட்டைக்குச் சான்று வேண்டும், சான்றுக்கு மருத்துவ முகாம் வேண்டும், கூட்டம் கூடாது என்று முகாம் நின்றிருந்தது. ‘அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டிருந்த குடும்பங்கள் கையைப் பிசைந்தன. ஓர் அலுவலகத்தில் என் முன்னாலேயே, எழுந்து நிற்க முடியாத பையனின் தாயிடம், பிள்ளையை நேரில் கொண்டுவந்தால்தான் ஆகும் என்றார்கள். எதில் ஏற்றிக்கொண்டு வருவது என்று அவர் கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

இன்னொன்றை ஆண்கள் எழுதத் தயங்குவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். அறிவுசார் குறைபாடுள்ள பெண்பிள்ளைகள் சிலர் அந்த இடைவெளியில்தான் வயதுக்கு வந்தார்கள். மையத்தில் இருந்திருந்தால் ஆசிரியை முன்கூட்டியே நாப்கின் அணிந்து பழக வைத்திருப்பார், எங்கே மாற்றுவது, எதில் சுற்றிப் போடுவது என்று பொம்மை வைத்துக் காட்டியிருப்பார். முன்தயாரிப்பு இல்லாமல் இரத்தத்தைக் கண்ட பிள்ளை, காயம் என்று நினைத்து அலறியது. அண்ணன்மாரும் அப்பாவும் இருக்கும் வீட்டில் துணியைக் கழற்றிப்போட்டு ஓடிவந்தது. அந்தத் தாய்மார்களின் வெப்ராளத்தை, அந்தப் பதைப்பை, போனில் கேட்க மட்டும்தான் முடிந்தது. நீங்கள் மகனை வளர்ப்பவர் என்றாலும், பத்து வயது ஆகும் முன்பே தனிமை, உடை, தொடுதல் பற்றிய பழக்கங்களைத் தொடங்கவேண்டும் என்பது அவனுக்கும் பொருந்தும்.

பெற்றோரின் உடம்பும் மனமும் என்னவாயின? இருபத்தைந்து, முப்பது கிலோ எடையுள்ள பிள்ளையை ஒரு நாளில் பத்து முறை தூக்கி இறக்கிய தாய்மார்களுக்கு நடுமுதுகு போனது. முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து தூக்குவதே காரணம். பிள்ளையை முதலில் உங்கள் உடம்போடு ஒட்ட இழுத்துக்கொண்டு, முட்டியை மடக்கி எழவேண்டும். இதைப் பழக ஒரு வாரம் போதும். மனச்சோர்வுக்கு அப்படி எளிய வழி இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு தாய் எனக்கு அனுப்பிய குரல்செய்தியில் பேச்சே இல்லை, பின்னணியில் பிள்ளையின் சத்தம் மட்டும் ஒரு நிமிடம் கேட்டது. மறுபக்கம், ரப்பர் பால்வெட்டு நின்று வீட்டிலிருந்த சில தகப்பன்மார் முதன்முறையாகத் தங்கள் பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள். ‘இவ்வளவு வேலையா இதில்’ என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பிள்ளைக்கு அப்போது ஒன்பது வயது.

2021 மே மாதம் இரண்டாம் அலையில் பயம் வேறு உருவம் எடுத்தது. எனக்குத் தொற்று வந்தால் இவனை யார் பார்ப்பது? பெரியம்மா வீட்டில் விடலாம் என்றால், எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டவேண்டும், எந்த முனகல் பசிக்கு, எது வலிக்கு என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. எல்லாம் அம்மாவின் தலைக்குள் மட்டும் இருந்தது. முஞ்சிறைப் பக்கத்தில் ஒரு தாய், காய்ச்சல் தொடங்கிய அன்றே, நோட்டுப் புத்தகத் தாளில் இரண்டு பக்கம் எழுதிக் கதவில் ஒட்டினார். ‘கட்டஞ்சாயா (பாலில்லாத தேநீர்) பிடிக்கும், சூடு ஆறவேண்டும். கஞ்சி கெட்டியாகத்தான் கொடுக்கணும், தண்ணியாக் கொடுத்தால் புரையேறும். இடது கையைத் தட்டினால் மூத்திரம்.’ அந்தத் தாளை வைத்துத்தான் அவருடைய நாத்தனார் பதினான்கு நாள் பார்த்துக்கொண்டார்.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு என் பதிலை அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன். இந்த வாரமே அப்படி ஒன்றை எழுதுங்கள்: உணவு, உட்காரவைக்கும் முறை, மருந்தின் பெயர், அளவு, நேரம், அவனுடைய ஒலிகளின் பொருள், மருத்துவரின் எண். மருந்தை எப்போதும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் கையிருப்பில் வைக்க மருத்துவரிடம் கேட்டு, சீட்டில் மருந்தின் வணிகப் பெயரோடு வேதிப்பெயரையும் எழுதி வாங்குங்கள். ஒரு கம்பெனி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே அவரிடம் கேட்டு வையுங்கள். திருவனந்தபுரத்தில் பார்ப்பவராக இருந்தாலும் நாகர்கோவிலில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கோப்பின் நகல் இருக்கட்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து திணிப்பதால் பயன் இல்லை, வாயில் எதையும் வைக்கக் கூடாது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைத்துவிடுங்கள். இதை வீட்டிலுள்ள பாட்டா வரை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

அடையாள அட்டையைத் தள்ளிப்போடாதீர்கள். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் முகாம் நாளைச் சொல்வார்கள். அட்டை இருந்தால்தான் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஊரடங்கின்போது மாதம் 1,500 ரூபாயாக இருந்தது, பின்னர் 2,000 ரூபாயாக உயர்ந்தது. பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, அதையும் விசாரியுங்கள். உங்கள் மனச்சுமைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். பேசுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

பிசியோவுக்குப் போகும்போது வராந்தாவில் உட்காராதீர்கள். உள்ளே வந்து, ‘என் கையைப் பிடித்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அடுத்த முறை நீங்கள் செய்ய, அவர் பார்க்கட்டும். அவருக்கு நேரமில்லை என்றால் சற்றுப் பிடிவாதமாகவே கேளுங்கள். பிறகு அதே பயிற்சியை நீங்கள் உங்கள் கணவருக்குக் காட்டுங்கள். அவர் என்ன வேலைக்குப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எந்த வேலையானாலும் இரவுக் கஞ்சியை அவர்தான் ஊட்டுகிறார் என்று இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் பத்து நாள் பாதிக் கஞ்சி தரையில்தான் இருக்கும், அதைத் துடைக்க நீங்கள் எழுந்து போகவேண்டாம்.